கியூவின் அடி மாறிவிட்டதா? ஜாயின்ட்டைச் சந்தேகிக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

பூல் ஆடும் குச்சியான கியூவை, அதுவும் இரண்டாகக் கழற்றி மாட்டும் கியூவை வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் இதைச் சொல்வார்கள்: "போன வாரம் நன்றாக இருந்தது, இப்போது அடி சரியில்லை." அடி என்று அவர்கள் சொல்வது, பந்தை அடிக்கும்போது கிடைக்கும் உணர்வை. அடுத்து வருவதும் பெரும்பாலும், இரண்டு பாதியும் சேரும் இடமான ஜாயின்ட்டைப் பற்றிய ஒரே கேள்விதான்: "ஜாயின்ட்டை மாற்றிவிடலாமா?"

எங்கள் ஹாலில் எயிட் பால், நைன் பால் ஆடுகிறவர்களின் கியூக்களைப் பல வருடங்களாகப் பிரித்துப் பார்த்து வருகிறேன். ஜாயின்ட் கெட்டுவிட்டது என்று கையில் வந்தவற்றில் உண்மையாகவே ஜாயின்ட் கெட்டிருந்தது கொஞ்சம்தான். பந்தைத் தொடும் தோல் நுனியான டிப் இறுகியிருக்கும், அதற்கு அடியில் உள்ள வளையமான ஃபெரூலில் மயிரிழை விரிசல் இருக்கும், கைப்பிடி உள்ள தடித்த பாதியான பட்டுக்குள் எடை கூட்டப் போடும் போல்ட் கழன்றிருக்கும். அதற்காக ஜாயின்ட்டுக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. எடை எந்த இடத்தில் உட்காருகிறது, இரண்டு பாதியும் எவ்வளவு ஒட்டிப் பிடித்துக்கொள்கின்றன, அடித்தபின் என்ன சத்தம் வருகிறது, இந்த மூன்றையும் அது மாற்றும். எந்தக் குறை அதனுடையது, எது அதனுடையது இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த ஜாயின்ட்?

பட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருப்பது பின். அது ஏறுகிற துளை, டிப் இருக்கும் மெலிந்த பாதியான ஷாஃப்ட்டின் அடியில். துளைக்குள் பித்தளை இன்சர்ட் பதித்திருக்கலாம், அல்லது மரத்திலேயே மரை வெட்டியிருக்கலாம். இரு பக்கமும் வளையமாகத் தெரிவது காலர்.

அமெரிக்காவில் நெடுங்காலமாக மதிக்கப்படுவது 5/16 அங்குல பின், அங்குலத்துக்கு 14 மரை, பட்டில் எவர்சில்வர் காலர். ஷாஃப்ட்டின் பித்தளை இன்சர்ட் ஒரு சிறு மூக்குபோல வெளியே நீண்டு காலரின் குழிக்குள் போய் உட்காரும். 1959-இல் கியூ செய்யத் தொடங்கி 1975-இல் மறைந்த ஜார்ஜ் பாலபுஷ்காவின் கியூக்கள் இந்த வகைதான். ஜாஸ், ஷோன் கியூக்களிலும் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது வகை, இரண்டு பாதியும் தொடும் முகம் தட்டையாக இருக்கும், 3/8 அங்குலத் தடித்த பின், அங்குலத்துக்கு 10 மரை. மெக்டெர்மட் கியூக்களால் இது பலருக்குப் பழக்கம். இங்கே மரமும் மரமும் நேராகத் தொடும். 5/16-இலேயே 18 மரை உள்ள தட்டை முக ஜாயின்ட்டும் உண்டு. யூனி-லாக் போன்ற விரைவு ஜாயின்ட்டில் சில சுற்றுகளிலேயே இறுகிவிடும். பைகள் இல்லாத மேசையில் ஆடும் கேரம் பில்லியர்ட்ஸ் கியூக்களில் பின்னையே மரத்தில் செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

காலர் எவர்சில்வராக இருக்கலாம், ஃபினாலிக்காக இருக்கலாம். ஃபினாலிக் என்பது துணி அடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த கெட்டியான பொருள். பழைய விலையுயர்ந்த கியூக்களில் யானைத் தந்தமும் இருக்கும். அப்படி ஒன்று கையில் இருந்தால் சட்டம் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு நாட்டெல்லை தாண்ட வேண்டாம்.

சரி, இனி குறைகளுக்கு வருவோம்.

அடித்ததும் ‘கிர்ர்’ என்று ஓர் அதிர்வு, அல்லது உள்ளே ஏதோ ஆடும் சத்தம்

அதிகம் வரும் குறை இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மரக்குச்சி வழியாகச் சத்தம் மிக வேகமாகப் பயணிப்பதால், அது எங்கே பிறந்தது என்று காதால் சொல்ல முடியாது. பட்டின் கடைசியில் தளர்ந்த ஒரு போல்ட், ஜாயின்ட்டிலிருந்து வருவதுபோலவே கேட்கும். அதனால் காதை நம்பாமல் இடத்தைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. கியூவை மாட்டி, ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ 33 செ.மீ. தள்ளி, இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். நீளமான குச்சி அதிரும்போது முழு நீளத்தில் 22 சதவீதம் உள்ளே தள்ளியிருக்கும் இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். அங்கே பிடித்தால் கை அதிர்வை அமுக்காது. கியூ ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்தது என்பதால் அந்த இடம் சரியாக 33-இல் இருக்காது. விரலைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்தினால், சத்தம் திடீரென்று தெளிவாகும் இடம் பிடிபடும்.

நல்ல கியூ ‘ணங்’ என்று ஒரே சுரமாக ஒலித்து மெல்ல அடங்கும். கெட்டது ‘ணர்ர்’ என்று பிசிறும். இப்போது கியூவைக் கழற்றி, ஷாஃப்ட்டையும் பட்டையும் தனித்தனியாக இதேபோல் தட்டிப் பாருங்கள். அரைக் கியூ என்பதால் பிடிக்கும் இடம் முனையிலிருந்து 16, 17 செ.மீ.

ஷாஃப்ட் தனியாகவே பிசிறினால் டிப், ஃபெரூல், இன்சர்ட் மூன்றில் ஒன்று. பட் தனியாகவே பிசிறினால் அடி ரப்பரையும் எடை போல்ட்டையும் பாருங்கள். இரண்டும் தனியாகச் சுத்தமாக ஒலித்து, மாட்டியபின் மட்டும் பிசிறினால் அப்போதுதான் ஜாயின்ட். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பட்டறைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பட்டில் குறை என்று தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் குமிழைக் கழற்றுங்கள். உள்ளே நீண்ட துளைக்குள் எடை போல்ட் தெரியும். பல கியூக்களில் நீளமான ஆலன் கீ போட்டு அதை இறுக்கலாம். இறுக்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் போல்ட்டை முழுவதும் வெளியே எடுத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் காரணம் அகப்பட்டது. போல்ட்டின் மரையில் பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றித் திரும்ப ஏற்றினால் போதும். போல்ட் இல்லாமலும் பட் பிசிறுகிறது என்றால், கைப்பிடிக்கு மேலே பட்டின் இரண்டு மரத்துண்டுகள் சேரும் உள் ஜாயின்ட்டில் பசை விட்டிருக்கலாம். அது வெளியே தெரியாது, வீட்டில் சரிசெய்யவும் முடியாது.

ஷாஃப்ட்டில் என்றால் முதலில் இன்சர்ட்டைப் பாருங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றும்போது இன்சர்ட்டும் மயிரளவு சேர்ந்து சுழல்கிறதா? காலரை ஒட்டிப் பேனாவால் ஒரு சிறு கோடு போட்டுவிட்டுக் கழற்றினால் தெரிந்துவிடும். சுழன்றால் பசை விட்டுவிட்டது. இதை வீட்டில் சூப்பர் க்ளூ விட்டு ஒட்ட வேண்டாம். இன்சர்ட் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அந்த ஷாஃப்ட் நேராக நிற்காது. கடைசல் இயந்திரமான லேத்தில் மையம் பிடித்து எபாக்ஸிப் பசையில் பதிக்க வேண்டிய வேலை இது.

ஆட்டத்தின் நடுவே தானாகத் தளர்கிறது

பத்துப் பதினைந்து அடிக்கு ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கிறது என்றால், முதலில் இரண்டு முகங்களையும் மரையையும் துடையுங்கள். டிப்பில் தேய்க்கும் சாக்கின் தூள், கை வியர்வை, பழைய மெழுகு எல்லாம் சேர்ந்து ஒரு வழவழப்புப் படலம் உண்டாகும். உலோக மரைக்குக் காய்ந்த பழைய பல் துலக்கியும் துணியும் போதும். எண்ணெய் வேண்டாம். மரத்தில் வெட்டிய மரைக்கு எண்ணெய் கண்டிப்பாக வேண்டாம். மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும், மரை மென்மையாகிவிடும். மர மரை கிரீச்சிட்டால் மெழுகுவர்த்தியைப் பின்னில் லேசாகத் தேய்த்து ஒருமுறை ஏற்றி இறக்குங்கள்.

துடைத்தும் தளர்ந்தால், முகங்கள் ஒட்டும் முன்பே பின்னின் நுனி துளையின் அடியை முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். துளைக்குள் அடைந்துகிடக்கும் தூளும் அதைச் செய்யும். கை இறுக்கியதாகச் சொல்லும், ஆனால் இறுகியது பின் முனைதான். முகங்களுக்கு இடையே அழுத்தமே இருக்காது. ஷாஃப்ட்டைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டி, துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று. தளர்கிறதே என்று ரப்பர் துணி பிடித்து முறுக்கி இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மர மரை பிளக்கும், இன்சர்ட் பெயரும். வெறும் கையால் இறுக்கி நிற்கவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

இரண்டு முகங்களுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறது

கடையில் தருகிற மெல்லிய பில் தாளிலிருந்து நான்கு சிறு கீற்றுகள் வெட்டி, முகங்களுக்கு நடுவே நான்கு திசையிலும் வைத்து, கையிறுக்கமாக மாட்டுங்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். நான்கும் ஒரேபோல் இழுபடாமல் நின்றால் முகம் சரி. ஒரு பக்கம் மட்டும் நழுவி வந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. நான்குமே நழுவினால் முகங்கள் சேரவே இல்லை: பின்னின் நுனி துளையின் அடியை முட்டுகிறது, அல்லது மூக்குள்ள ஜாயின்ட்டில் மூக்கு குழியின் அடியைத் தொட்டுவிடுகிறது.

தட்டை முக மர ஜாயின்ட்டில் இன்னொரு காரணமும் உண்டு. காற்றில் ஈரம் ஏறும்போது நடுவில் இருக்கும் மரம் ஊதி, சுற்றியுள்ள காலரைவிட மயிரளவு வெளியே வந்துவிடும். விளிம்பில் மெல்லிய இடைவெளி தெரியும். ஏசி ஓடும் அறையில் இரண்டு மூன்று நாள் படுக்கையாக வைத்தால் தானாக இறங்குகிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். உப்புத்தாளை மேசையில் வைத்து முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். காலரின் விட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. ஒரு பக்கம் 0.1 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்தால், 74 செ.மீ. தள்ளி இருக்கும் டிப் நேர்க்கோட்டிலிருந்து மூன்றரை மி.மீ. விலகிப் போகும். கண்ணுக்கே தெரியாத தேய்மானம் கியூவையே வளைந்ததாக்கிவிடும்.

உருட்டினால் ஆடுகிறது

மாட்டிய கியூவை மேசையில் உருட்டினால் நடுவில் துள்ளுகிறது என்றால், கழற்றி இரண்டையும் தனியாக உருட்டுங்கள். ஷாஃப்ட் தனியாகவே துள்ளினால் மரம் வளைந்திருக்கிறது. இரண்டும் நேராக உருண்டு, சேர்த்தபின் மட்டும் துள்ளினால் முகம் சாய்ந்திருக்கிறது, அல்லது பின் வளைந்திருக்கிறது. பட்டில் பின் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மேசை விளிம்புக்கு வெளியே வைத்து மெதுவாக உருட்டுங்கள். பின்னின் நுனிக்கு எதிரே ஒருவர் பென்சிலை அசையாமல் பிடிக்கட்டும். இடைவெளி கூடிக் குறைந்தால் பின் வளைவு உறுதி. கியூ கீழே விழுந்த பிறகு இது தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஞாபகம் வரும்.

அடி மந்தமாக இருக்கிறது, உயிரே இல்லை

இங்கேதான் ஜாயின்ட்டின் மேல் வீண்பழி அதிகம் விழுகிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி. மேப்பிள் மரத்தில் அதிர்வு நீளவாக்கில் நொடிக்குச் சுமார் 4000 மீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது டிப்பில் பிறந்த அதிர்ச்சி, பந்து விலகுவதற்குள்ளாகவே ஜாயின்ட்டைத் தாண்டிக் கைக்கும் வந்துவிடும். ஆனால் கை அதை உணர்ந்து, மூளைக்குச் சொல்லி, மூளை ஏதாவது செய்வதற்குள் பந்து எங்கோ போயிருக்கும். ‘அடி’ என்று நாம் சொல்லும் உணர்வு, நடந்து முடிந்ததைப் பற்றிய செய்தி. அந்த அடியை அது மாற்றாது. அடுத்த அடியை நீங்கள் எவ்வளவு நம்பி அடிக்கிறீர்கள் என்பதை மாற்றும். ஆட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் உணர்வைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் ஒருபோதும் தள்ளிவிடுவதில்லை.

அந்தச் செய்தியின் முதல் எழுத்து டிப்பில் எழுதப்படுகிறது. பந்தைத் தொடுவது அது ஒன்றுதான். தோல் டிப் நாளாக ஆக அடிபட்டு இறுகும், அல்லது பக்கவாட்டில் காளான் குடைபோல விரியும். அடுக்குத் தோல் டிப்பில் ஓர் அடுக்கு விட்டுப்போனால் ‘சொத்’ என்று ஒரு சத்தம் வரும். அது ஜாயின்ட் தளர்ந்ததுபோலவே இருக்கும். டிப்பின் பக்கத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், அடுக்கு பிரிகிறதா என்று. ஃபெரூலுக்கு மேல் டிப்பின் பக்கச் சுவர் ஒரு மி.மீ.க்கும் கீழே போய்விட்டால் வேறெதையும் ஆராயாமல் டிப்பை மாற்றுங்கள். பிறகு ஃபெரூலைச் சுற்றி டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் சாக் தூள் அதில் ஏறி நீலக் கோடாகத் தெரியும்.

டிப்பும் ஃபெரூலும் நன்றாக இருக்கின்றன, தட்டும் சோதனையிலும் சுத்தமாக ஒலிக்கிறது, ஆனாலும் மந்தம் என்றால், ஷாஃப்ட்டை மாற்றிப் பாருங்கள். ஹாலில் உங்கள் பின்னுக்குப் பொருந்தும் ஷாஃப்ட் வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். அவருடைய ஷாஃப்ட்டை உங்கள் பட்டில் மாட்டி இருபது பந்து அடியுங்கள். பிறகு உங்கள் ஷாஃப்ட்டை அவர் பட்டில். குறை ஷாஃப்ட்டோடு போகிறதா, பட்டோடு நிற்கிறதா? ஷாஃப்ட்டோடு போனால் பின்னின் பொருளையோ காலரின் பொருளையோ பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள். எவர்சில்வர் காலர் ‘கணீர்’ என்கிறது, மர ஜாயின்ட் ‘டொக்’ என்கிறது. கண்ணை மூடி இந்தச் சத்தத்தைக் கேட்டே கியூவைச் சொல்லிவிடுவோம் என்பார்கள். சத்தத்தை எடுத்துவிட்டால், கையில் நான் நினைத்ததைவிடக் குறைவான வித்தியாசமே மிஞ்சியது. உங்களுக்கு எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காதால் கேட்பதும் உணர்வின் பகுதிதான், அதில் தவறே இல்லை. ஆனால் பிடிக்காதது சத்தம் மட்டும்தான் என்று தெரிந்தால், டிப்பை ஒரு படி கடினமாக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

உள்ளங்கையில் சுள்ளென்று ஏறுகிறது, அடி மிகக் கடினம்

முன் குறையின் மறுபக்கம். கடினமான டிப், கார்பன் ஃபைபர் ஷாஃப்ட், எவர்சில்வர் ஜாயின்ட் மூன்றும் சேர்ந்தால் இப்படி இருக்கும். டிப்பை நடுத்தரமாக மாற்றுவதுதான் மலிவான முதல் படி. பட்டை இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்றும் பாருங்கள். இறுக்கிய கைக்கு எல்லா அதிர்வும் ஏறும்.

ஜாயின்ட்டின் பங்கு இதில் உண்மையிலேயே உண்டு, ஆனால் பலரும் சொல்லும் காரணத்தால் இல்லை. ‘உலோகம் கடினம், அதனால் அடி கடினம்’ என்பார்கள். காலரின் நீளம் இரண்டு மூன்று செ.மீ.தான். 147 செ.மீ. கியூவில் அந்தத் துண்டு வளையாமல் நிற்பதால் வருவது சிறிய மாற்றம். பெரிய மாற்றம் எடையால் வருகிறது. அதிரும் குச்சியில் அசையாத இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள நடுப்பகுதி நன்றாக ஊசலாடும். மேலே தட்டிப் பார்த்தோமே, அந்த நடுவில்தான் ஜாயின்ட் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கனம் கூடினால் ஊசல் மெதுவாகும், சுரம் இறங்கும், கைக்குக் கியூ ‘கெட்டியாக’ இருப்பதாகப் படும். கனம் குறைந்தால் மேலும் கீழும் துடிக்கும், ‘உயிரோட்டம்’ என்பார்கள்.

முன்பாரம், டிப் தானாகக் கீழே இழுக்கிறது

இந்தக் குறைக்குத்தான் ஜாயின்ட்டின் பொருள் நேரடியான காரணமாக இருக்க முடியும். கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 3/8 அங்குலம் தடித்து மூன்று அங்குலம் நீண்ட ஒரு பின், மரை வெட்டிய பள்ளங்கள் போக, ஏறத்தாழ நாலரை கன செ.மீ. எவர்சில்வரில் அது 35 கிராம். டைட்டானியத்தில் 20. அலுமினியத்தில் 12. ஜி-10 என்கிற கண்ணாடியிழைப் பலகையில் கடைந்தால் 8 கிராம் சொச்சம். எவர்சில்வருக்கும் ஜி-10-க்கும் 27 கிராம் வித்தியாசம்.

19 அவுன்ஸ் கியூ என்றால் 540 கிராம் அளவு. அது சமமாக நிற்கும் புள்ளி பட்டின் அடியிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது அங்குலத்தில் இருக்கும். ஜாயின்ட் 29 அங்குலத்தில். அங்கே 27 கிராம் கூடினால் சமநிலைப் புள்ளி அரை அங்குலம் முன்னே போகும். அரை அங்குலம் கைக்கு நன்றாகவே தெரியும். காலரும் எவர்சில்வர் என்றால் இன்னும் கொஞ்சம்.

அதற்காகப் பின்னைப் பிடுங்க வேண்டியதில்லை. முதலில் பட்டின் அடியில் எடை போல்ட்டைக் கூட்டிப் பாருங்கள். ஓர் அவுன்ஸ் கனமான போல்ட் புள்ளியை ஏறத்தாழ ஓர் அங்குலம் பின்னே இழுக்கும். மொத்த எடை கூடுவது பிடிக்கவில்லை என்றால் மட்டும் இலேசான பின் பற்றி யோசிக்கலாம். சிலருக்கு முன்பாரம் பிடிக்கும். கியூவின் முன்பக்கத்தைத் தாங்கும் பிரிட்ஜ் கையில் ஷாஃப்ட் நன்றாகப் படிந்து, நேராகப் போகும். எனக்கும் அப்படித்தான் பிடிக்கும். ஆகவே இதைக் குறை என்று முடிவு கட்டுமுன் ஒரு மாதமாவது ஆடிப் பாருங்கள்.

சைடு வைத்தால் வெள்ளைப் பந்து விலகிப் போகிறது

ஜாயின்ட் காரணம் இல்லை. பந்தின் ஓரத்தில் அடிக்கும்போது அது எதிர்ப்பக்கம் விலகுவது, ஷாஃப்ட்டின் முனையில் உள்ள எடையைப் பொறுத்தது. பக்கவாட்டு அசைவு மரத்தில் மெதுவாகத்தான் பரவும். டிப் பந்தைத் தொடும் நேரத்துக்குள் முனையிலிருந்து ஒரு சாண் அளவுதான் அதில் பங்கெடுக்கிறது. ஜாயின்ட் அங்கிருந்து வெகு தூரம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியடோர் இதைப் பற்றி நிறைய விளக்கியிருக்கிறார். விலகலைக் குறைக்க வேண்டுமானால் முனை இலேசான ஷாஃப்ட் வாங்குங்கள். அதற்காக ஜாயின்ட்டில் பணம் போடாதீர்கள்.

புது ஷாஃப்ட் ஏறவில்லை, அல்லது பாதியில் இறுகுகிறது

நிறுத்துங்கள், முறுக்க வேண்டாம். 5/16 பின்னில் 14 மரையும் உண்டு, 18 மரையும் உண்டு. 3/8-இல் 10-ம் 11-ம் இருக்கின்றன. தப்பான ஜோடி முதல் ஒரு சுற்று நன்றாக ஏறும், அப்புறம் பிடிக்கும். அப்போது பலம் போட்டால் ஷாஃப்ட் போச்சு. பின்னின் மேல் அளவுகோலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணினால் இன்னும் சுலபம். பெக்காவர் போலச் சொந்த மரை வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. வாங்கும் முன் பட்டின் பெயரோடு பின்னின் படத்தையும் கடைக்காரருக்கு அனுப்புங்கள்.

ஏறிவிட்டது, ஆனால் சேரும் இடத்தில் விரலுக்குப் படி தட்டுகிறது என்றால் காலர் விட்டம் பொருந்தவில்லை. கைக்கு உறுத்தும், ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை.

மழை நாளில் இறுகுகிறது, வெயிலில் தளர்கிறது

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் என்று கடலோரத்தில் ஆடுகிறவர்களுக்கு இது வருடா வருடம் வரும். மரம் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். மரத்தில் வெட்டிய மரை இதை அதிகமாகக் காட்டும், பித்தளை இன்சர்ட் குறைவாகக் காட்டும். ஒரு பருவத்தில் இறுகி மறு பருவத்தில் தானாகச் சரியாகும் ஜாயின்ட்டுக்கு வைத்தியம் தேவையில்லை. ஏசி ஹாலிலிருந்து எடுத்துப்போய் வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைக்காதீர்கள், அது ஒன்றுதான் கட்டாயம். கழற்றியதும் பின்னுக்கும் துளைக்கும் மூடி போட்டுவிடுங்கள். துளையின் வாயில் தெரியும் மரம்தான் காற்றின் ஈரத்தை எளிதாகக் குடிக்கும்.

எல்லாம் பார்த்தபின்னும் ஜாயின்ட்தான் என்றால்

ஷாஃப்ட் பக்கத்து வேலை பயப்படும்படி இல்லை. இன்சர்ட்டை எடுத்துப் புதிதாகப் பதிக்கலாம், மர மரை தேய்ந்திருந்தால் துளையை மரக்கட்டையால் அடைத்துத் திரும்ப வெட்டலாம். பட்டின் பின்னைக் கழற்றுவது வேறு விஷயம். எபாக்ஸி இளகச் சூடு காட்ட வேண்டும். சூடு கூடினால் காலரும் அதை ஒட்டிய வளையங்களும் கெடும். கைதேர்ந்தவர் என்றால் மட்டும் கொடுங்கள்.

கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். முகத்தைக் கடையும்போது கியூவை எப்படிப் பிடித்து மையம் பார்ப்பீர்கள்? கடைந்தபின் ஷாஃப்ட்டை மாட்டி உருட்டிக் காட்டுவீர்களா? முதல் கேள்விக்கு லேத்தின் முன் நின்று விரலால் காட்டிப் பதில் சொல்கிறவரிடம் கொடுக்கலாம். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்" என்று மட்டும் பதில் வந்தால் கியூவை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் எடையையும் சமநிலைப் புள்ளியையும் அளந்து ஒரு தாளில் குறித்து, தட்டும்போது வரும் ஒலியைச் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதே மூன்றையும் மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.